புதுக்குப்புறம் இல்லாத கட்டடங்கள்: அரசு மரபுக் கட்டடப் புதுப்பிப்பில் செலவேற்றமும் காலத்தாழ்வும்

முன்னுரை

பழைமை வாய்ந்த அரசுக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் பணி தொடங்கும்போது ஒரு தொகை அறிவிக்கப்படுகிறது. பணி நிறைவுறும் ஆண்டும் குறிக்கப்படுகிறது. பணி நடைபெறும் காலத்தில் தொகை உயர்கிறது, ஆண்டு தள்ளிப்போகிறது. நாளேடுகள் இதனை ஊதாரித்தனம் என்கின்றன. எதிர்க்கட்சியினர் முறைகேடு என்கின்றனர். பொறுப்பில் உள்ளோர் எதிர்பாராச் சூழல் என்கின்றனர். இலண்டன், ஒட்டாவா, வாஷிங்டன், சென்னை என்று இடம் மாறினாலும் இம்மூன்று விளக்கங்களும் பெரிதும் மாறுவதில்லை.

இவ்விளக்கங்கள் தம்முள் முரண்படுவனபோல் தோன்றினும் ஒரே எடுகோளின்மீது நிற்கின்றன. முதலில் அறிவிக்கப்பட்ட தொகையே கட்டடத்தின் உண்மையான விலை என்பதும், அதற்கு மேற்பட்டதெல்லாம் பிற்காலத்தில் நேர்ந்த பிழை என்பதும் அவ்வெடுகோள். இது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. முறைகேடும் திறமைக்குறைவும் எங்கும் இல்லை என்று நாம் கூற வரவில்லை. அவை இல்லாத இடத்திலும் செலவு ஏறுகிறது. அதற்கான காரணத்தைக் கடைசித் தொகையில் தேடுவதைவிட முதல் தொகையில் தேடுவதே தக்கது என்கிறோம்.

பொறியாளர்க்கும் கணக்காய்வாளர்க்கும் உரிய இப்பொருள் இந்திய ஆய்வியல் துறைக்கு எவ்வாறு பொருந்தும் என்னும் வினா எழலாம். இரண்டு விடைகள் உள்ளன. முதலாவது, நம் ஆய்வுக்கு வேண்டிய ஆவணங்களில் கணிசமானவை இத்தகைய கட்டடங்களுக்குள்ளேயே உள்ளன. கூரை ஒழுகினால் நனைவது நம் சான்றுகளே. இரண்டாவது, இக்கட்டடங்கள் தாமே நம் வரலாற்றின் பகுதி. 1897இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திற்கு இசுலாமிய மரபு சார்ந்த தோற்றமே வேண்டும் என்று முடிவு செய்த பொறியாளர் ஸ்பூனர், இலங்கைப் பொதுப்பணித்துறையில் பணியாற்றிவிட்டு இங்கு வந்தவர். அத்தோற்றத்தின் வேர்களுள் ஒன்று சென்னைச் சேப்பாக்கத்தில் உள்ளது. ஆகவே இதனைப் பிற நாட்டார் சிக்கல் என்று நாம் ஒதுக்க இயலாது.

மதிப்பீடு என்னும் பனுவல்

மதிப்பீட்டு அறிக்கையை எண்களின் தொகுதியாக மட்டும் கொள்ளாது ஒரு பனுவலாகவும் படித்தல் வேண்டும். தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் உறுப்புகளுள் கேட்போர், பயன், எச்சம் என்னும் மூன்றும் இங்கு நமக்குத் துணை செய்கின்றன.

முதல் மதிப்பீட்டின் கேட்போர் யார்? ஒப்புதல் அளிக்கும் அமைச்சகமும் நிதிக்குழுவும். அதன் பயன் யாது? ஒப்புதல் பெறுதல். எனவே அது கட்டடத்தின் நிலையை உரைப்பதற்காக எழுதப்பட்ட பனுவல் அன்று; கட்டடத்தின்மீது கைவைக்க இசைவு கேட்கும் பனுவல். இசைவு கேட்போர் இயல்பாகவே சிறிய தொகையைக் கூறுவர். பெரிய தொகையைக் கூறியிருந்தால் பணியே தொடங்கியிராது என்பதைக் கேட்போரும் அறிவர்.

மூன்றாவதாகிய எச்சமே இங்கு முதன்மையானது. புதிய கட்டடத்தில் பொறியாளர் தாம் வரைந்ததைக் கட்டுகிறார்; எனவே அவருடைய வரைபடத்தில் மறைபொருள் குறைவு. பழைய கட்டடத்திலோ சுவருக்குப் பின்னால் இருப்பது அவர் வரைந்தது அன்று. உத்தரத்தின் உட்பகுதி மட்கியுள்ளதா, அடித்தளத்தில் நீர் ஊறுகிறதா, கூரையிடுக்கில் அஸ்பெஸ்டாஸ் உள்ளதா என்பன திறந்து பார்த்தபின்பே தெரியும். திறந்து பார்க்கவோ பணம் வேண்டும். பணத்திற்கு ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு மதிப்பீடு வேண்டும். ஆகவே சுவரைத் திறக்குமுன் எழுதப்படும் மதிப்பீடு, தான் அறியாததை எச்சமாக விட்டுவிட்டே முடிகிறது. பிற்காலத்தில் வரும் திருத்திய மதிப்பீடு பல வேளைகளில் அவ்வெச்சத்தை எடுத்துரைப்பதேயாகும்.

வெஸ்ட்மின்ஸ்டர் தரும் சான்று

இவ்வியல்பைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடமாகிய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை தெளிவாகக் காட்டுகிறது. 1834 அக்டோபரில் பழைய அரண்மனை எரிந்தது. கருவூலத்தில் பயனற்றுக் கிடந்த கணக்குக் குச்சிகளை உலையிலிட்டு எரித்ததே அதற்குக் காரணம். புதிய அரண்மனையை வடிவமைத்த சார்லஸ் பாரி, ஏறத்தாழ 725,000 பவுண்டு செலவாகும் என்றும் ஆறு ஆண்டுகளில் முடியும் என்றும் கணித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. செலவு இரண்டு மில்லியன் பவுண்டைக் கடந்தது. பாரி 1860இல் மறைந்தபின் அவருடைய மகன் எட்வர்ட் எஞ்சிய பணியைத் தொடர்ந்தார். இன்று மரபுச் செல்வம் என்று போற்றப்படும் கட்டடம், கட்டப்பட்ட காலத்தில் செலவேற்றத்திற்கும் காலத்தாழ்விற்கும் எடுத்துக்காட்டாக இருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அவ்வளாகத்தைச் சேர்ந்த எலிசபெத் கோபுரத்தின் புதுப்பிப்பை அடுத்து நோக்குவோம். பிக் பென் மணி தொங்கும் இக்கோபுரத்திற்கு முதலில் சொல்லப்பட்ட தொகை ஏறத்தாழ 29 மில்லியன் பவுண்டு. 2017இல் அது 61 மில்லியன் ஆயிற்று. 2020 பிப்ரவரியில் 79.7 மில்லியன் என்று அறிவிக்கப்பட்டது. பணி 2022இல் நிறைவுற்றது. இறுதி உயர்வுக்குக் கூறப்பட்ட காரணங்கள் கருதத்தக்கவை: மணிக்கூண்டில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது, பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருந்தது, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சால் நேர்ந்த சேதம் எண்ணியதைவிடப் பெரிதாக இருந்தது. சாரம் கட்டி நெருங்கிப் பார்த்தபின்பே இவற்றின் முழு அளவு தெரியவந்தது. போர் முடிந்தது 1945இல். அதன் சேதம் முழுமையாகக் கணக்கில் ஏறியது எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து. இதனை 2020இன் செலவேற்றம் என்பதா, 1945 முதல் தீர்க்கப்படாது நின்ற கடன் என்பதா? பின்னதே பொருத்தமானது என்று கருதுகிறோம்.

முழு அரண்மனைக்கான திட்டமோ வேறொரு பாடத்தைத் தருகிறது. 2015இல் வெளியான ஆய்வறிக்கை, உறுப்பினர் அனைவரும் வெளியேறினால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் 3.5 முதல் 3.9 பில்லியன் பவுண்டில் முடியலாம் என்றும், உள்ளிருந்தபடியே பகுதி பகுதியாகச் செய்தால் 32 ஆண்டுகளும் 5.7 பில்லியன் பவுண்டும் ஆகலாம் என்றும் கணித்தது. 2018 ஜனவரியில் மக்களவை 236க்கு 220 என்ற வாக்கில் முழுமையாக வெளியேற இசைந்தது. ஆயினும் அம்முடிவு மீண்டும் மீண்டும் ஐயத்திற்குள்ளாக்கப்பட்டது. 2022இல் வெளிவந்த கணிப்பின்படி, வெளியேறினால் 7 முதல் 13 பில்லியன் பவுண்டும் 19 முதல் 28 ஆண்டுகளும், வெளியேறாது செய்தால் 11 முதல் 22 பில்லியன் பவுண்டும் 46 முதல் 76 ஆண்டுகளும் ஆகும் எனப்பட்டது. இவ்விரு கணிப்புகளும் ஒரே அடிப்படையில் அமைந்தவை அல்ல. அவற்றை நேரே ஒப்பிடுதல் முறையன்று. ஆனால் இரண்டும் ஒன்றில் உடன்படுகின்றன: இடத்தைவிட்டுப் பெயர மறுப்பதே மிக விலையுயர்ந்த வழி.

இடைக்காலத்தில் ஒட்டுப்போடும் பணி நின்றபாடில்லை. அதற்கு வாரந்தோறும் ஏறத்தாழ இரண்டு மில்லியன் பவுண்டு செலவாகிறது என்று நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2023இல் சுட்டிக்காட்டியது. புதுப்பிப்பின் தொகை தலைப்புச் செய்தியாகிறது. முடிவெடுக்காமையின் தொகையோ அன்றாடச் செலவுகளுக்குள் கரைந்துபோகிறது. முன்னதற்குப் பொறுப்பாளர் பெயர் உண்டு. பின்னதற்கு எவர் பெயரும் இல்லை. எனவே அச்சமுடைய எந்த நிர்வாகமும் பின்னதையே தேர்ந்தெடுக்கும்.

மறைந்ததும் விரும்பியதும்

செலவேற்றம் அனைத்தையும் மறைந்திருந்த சேதத்தின்மேல் ஏற்றிவிடுதலும் நேர்மையன்று. பணியின் பரப்பை விரிப்பதாலும் தொகை வளர்கிறது. ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றத்தின் நடுக்கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் அடித்தளத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் புதிய தாங்கிகளின்மேல் அமர்த்தப்படுகிறது. நிலத்தடியில் வருகையாளர் மையமும் அமைக்கப்படுகிறது. 4.5 முதல் 5 பில்லியன் கனடிய டாலர் என்று 2021இல் கணிக்கப்பட்ட தொகை, பழுதுபார்ப்பின் விலை மட்டும் அன்று. அது பழைய உடலுக்குள் புதிய கட்டடம் ஒன்றை அமைப்பதன் விலை.

வாஷிங்டனில் மத்திய வங்கியின் இரு கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணி 2025இல் அரசியல் பூசலாக வெடித்தது. 1930களைச் சேர்ந்த அக்கட்டடங்களுக்கான மதிப்பீடு 1.9 பில்லியன் டாலரிலிருந்து ஏறத்தாழ 2.5 பில்லியனுக்கு உயர்ந்திருந்தது. எண்ணியதைவிட மிகுதியான அஸ்பெஸ்டாஸ், மாசுற்ற மண், உயர்ந்த நிலத்தடி நீர்மட்டம், பொருள்விலை உயர்வு ஆகியவற்றோடு, மரபுக் காப்பு அமைப்புகளின் கருத்துக்கேற்ப வடிவமைப்பை மாற்றியதையும் வங்கி காரணமாகக் காட்டியது. சலவைக்கல் ஆடம்பரம் என்று அவ்வங்கி குற்றஞ்சாட்டப்பட்டது. ஆனால் கண்ணாடியைக் குறைத்துச் சலவைக்கல்லைக் கூட்டுமாறு 2020இல் வற்புறுத்தியோர், குற்றஞ்சாட்டிய அதே தரப்பு நுண்கலை ஆணையத்தில் நியமித்திருந்த உறுப்பினர்கள் என்பதும் அவ்வாண்டு செய்திகளில் வெளிவந்தது. கட்டடத்தின் தோற்றம் மாறக்கூடாது என்று விதிப்பவரும், மாறாத்தன்மையின் விலையைக் கண்டு வெகுள்பவரும் ஒருவரே ஆகும்போது செலவேற்றம் ஆய்வுப்பொருள் ஆவதில்லை, படைக்கலம் ஆகிறது.

எனவே இருவகைச் செலவையும் பிரித்தறிதல் முதற்கடமை ஆகிறது. மறைந்திருந்த சேதத்தைக் களையும் செலவு கடன்தீர்ப்பு. விரும்பிச் சேர்த்த வசதிக்கான செலவு புதிய முதலீடு. சிங்கப்பூரில் நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் இணைக்கப்பட்டு, 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டன. அதற்கான 532 மில்லியன் வெள்ளி பெரும்பாலும் புதிய பயன்பாட்டிற்கான முதலீடு என்பது வெளிப்படை. திட்டம் அறிவிக்கப்பட்ட 2005இலிருந்து பத்து ஆண்டுகள் சென்றன. விரும்பியதை விரும்பியது என்றே அறிவிப்பின் விவாதம் தெளிவடைகிறது. இரண்டையும் ஒரே தொகையில் கலந்து அறிவிக்கும் அரசு, கேள்வி எழும்போது விருப்பத்தைச் சேதத்தின் பின்னால் ஒளித்துக்கொள்கிறது. இது கண்டிக்கத்தக்கது.

சேப்பாக்கம்: சுண்ணாம்பும் சிமெண்டும்

மேலைநாட்டுச் சான்றுகளில் அஸ்பெஸ்டாஸ் வகிக்கும் இடத்தைத் தமிழகத்தில் சிமெண்டு வகிக்கிறது எனலாம். சேப்பாக்கம் அரண்மனை 1768 அளவில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. இந்தோ-சாரசெனிக் பாணியின் தொடக்கக்காலச் சான்றுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1855இல் நவாப் பட்டம் முடிவுற்றபின் அரசின் கைக்கு வந்து அலுவலகங்களாயிற்று. கலச மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு பகுதிகளுக்கும் இடையே சிசம் கோபுரம் எழுப்பினார். அரண்மனையாகக் கட்டப்பட்டது கோப்புகளின் கிடங்காயிற்று.

2012 ஜனவரியில் கலச மஹாலில் தீப்பற்றியது. கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்புப் பணியிலிருந்த ஒருவர் உயிரிழந்தார். அங்கிருந்த அரசு அலுவலகங்களின் ஆவணங்கள் எரிந்தன. கலச மஹால் பின்னர்ப் பழைய முறைப்படி மீட்கப்பட்டு இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமளிக்கிறது. ஹுமாயூன் மஹாலும் அதன்பின் மீட்கப்பட்டது. சுவர்களை மீட்கலாம் என்பதற்கு இவை நற்சான்று. எரிந்த கோப்புகளை மீட்க எம்மதிப்பீட்டிலும் இடமில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இத்தகைய பணி ஏன் நெடுங்காலம் பிடிக்கிறது என்பதற்கு விடை, கட்டுமானப் பொருளிலேயே உள்ளது. அக்காலச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. கூரை, மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறையில் அமைந்தது: தேக்கு உத்தரங்களின்மேல் சிறுசெங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பால் பிணைத்து, செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை இட்டு, மேலே தட்டோடு பதிப்பர். சுண்ணாம்பை நீற்றுதற்கும் புளிக்கவைத்தற்கும் நாள்கள் வேண்டும். கடுக்காய்ச்சாறும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்தல் வேண்டும். ஒரு பூச்சு உலர்ந்தபின்பே மறுபூச்சு இடலாம். சிமெண்டு வேலைக்கு வகுத்த கால அட்டவணையை இதற்கு விதித்தால், பணி தாமதமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தாமதம் அன்று, அதுவே அப்பொருளின் இயல்பான காலம்.

இடைக்காலத்தில் நடைபெற்ற மலிவுப் பழுதுபார்ப்புகளே பெருஞ்சேதத்திற்கு வழிவகுத்தன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசப்பட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்குகிறது; உப்புப் பூத்துச் செங்கல் பொடிகிறது. அன்று மிச்சப்படுத்திய தொகை இன்று பன்மடங்காகத் திரும்பி வருகிறது. இதனுடன் ஒப்பந்த முறையும் சேர்ந்துகொள்கிறது. குறைந்த ஒப்பந்தப்புள்ளி அளித்தவருக்கே பணி என்னும் விதி, ஒரே தன்மையுள்ள பொருள்களை வாங்குவதற்குத் தக்கது. அரிதாகிவிட்ட கைவினையை அவ்விதியால் வாங்கும்போது, குறைந்த விலை கூறியவர் பெரும்பாலும் அக்கைவினையை அறியாதவராகவே அமைகிறார். பின்னர் அவரை மாற்றவும், செய்ததைக் களையவும், மறுபடி செய்யவும் மூன்று முறை செலவாகிறது.

செலவு என்னும் வாதம்

செலவேற்றம் குறித்த பேச்சு கட்டடத்தைக் காக்கும் நோக்கில் மட்டும் எழுவதில்லை. பழுதுபார்க்க இத்தனை கோடியா, இடித்துப் புதிதாகக் கட்டலாமே என்னும் முடிவுக்கும் அது பாதையிடுகிறது. சென்னைக் கடற்கரைச் சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக விளங்கிய பெண்டிங்க் கட்டடம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் சிங்காரவேலர் மாளிகை எழுந்தது. கோலாலம்பூரில் 1890களைச் சேர்ந்த புடு சிறைச்சாலையின் மதில் 2010இல் இடிக்கப்பட்டது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2006இலேயே நடப்புக்கு வந்திருந்தும் அது காக்கப்படவில்லை. இடிப்பதற்குரிய காரணங்கள் இடந்தோறும் வேறுபடும். ஆனால் இடிப்பதால் இழப்பது எவ்வளவு என்னும் கணக்கு எந்த இடத்திலும் பழுதுபார்க்கும் கணக்கைப்போல் வரிவரியாக எழுதப்படுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட பேரேட்டைக் கொண்டு தீர்ப்பு வழங்கப்படுகிறது. மரபுக் கட்டடங்களை விரும்புவோர் செலவேற்றத்தை மூடி மறைக்க முயல்வதும் இவ்வச்சத்தால்தான். அம்முயற்சி தவறானது. மறைத்த தொகை வெளிப்படும் நாளில் கட்டடத்தின் மதிப்பும் சேர்ந்து வீழ்கிறது.

புதுக்குப்புறம் காட்டும் நெறி

இச்சிக்கலுக்குத் தமிழ் மரபில் ஒரு விடை உண்டு. இடைக்காலக் கல்வெட்டுகளில் புதுக்குப்புறம் என்னும் சொல் வழங்குகிறது. கோயிலைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பதற்கென்று விடப்பட்ட நிலத்தை அது குறிக்கும். விளக்கெரிக்க ஒரு நிவந்தம், அமுதுபடிக்கு ஒரு நிவந்தம் என்பதுபோலப் பழுதுபார்ப்புக்கும் தனியே ஒரு நிவந்தம். கட்டடம் தேயும் என்பதை அதனை எழுப்பியோர் முன்னரே ஒப்புக்கொண்டனர் என்பது இதன் பொருள். தேய்வு எதிர்பாராச் சூழல் அன்று. எதிர்பார்த்து நிலம் ஒதுக்கப்பட்ட நிகழ்வு.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் வழக்கத்திலும் இந்நெறி தொடர்கிறது. மலேசிய, சிங்கப்பூர்க் கோயில்களும் இதனைப் பின்பற்றுகின்றன. இவ்வழக்கத்தை நாம் குறையற்றதாகக் காட்ட முயலவில்லை. திருப்பணியின் பெயரால் மணல்வீச்சுச் செய்து கல்வெட்டுகளைச் சிதைத்ததும், ஓவியங்களின்மேல் வெள்ளையடித்ததும் கற்றோர் அறிந்தவை. காலச்சுழற்சி வகுக்கப்பட்டிருந்தது, செய்முறை காக்கப்படவில்லை. ஆயினும் சுழற்சி என்னும் எண்ணமே அரசுக் கட்டடங்களுக்கு இல்லை என்பதுதான் இங்கு நாம் வலியுறுத்துவது. அவற்றைக் கட்டுவதற்கு நிதி ஒதுக்கப்பட்டது, தேய்வதற்கு ஒதுக்கப்படவில்லை. நிதி இறுகும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது பராமரிப்புத் தொகையே. ஏனெனில் அதனை வெட்டியதன் விளைவு வெட்டியவரின் பதவிக்காலத்தில் தெரிவதில்லை.

இந்நெறியிலிருந்து மூன்று நடைமுறைகளைப் பெறலாம். ஒன்று, பெரும்பணிக்கான தொகையை அறிவிக்குமுன், கட்டடத்தைத் திறந்து ஆராய்வதற்கு மட்டும் தனி நிதி வழங்கி அதன் முடிவை வெளியிடுதல். இரண்டு, ஒற்றைத் தொகைக்கு மாறாகக் கீழெல்லையும் மேலெல்லையும் கூறி, கடன்தீர்ப்பையும் புதிய முதலீட்டையும் வேறு வேறாகக் காட்டுதல். மூன்று, பணி முடிந்த நாளிலேயே அடுத்த சுழற்சிக்கான பராமரிப்பு நிதியைக் கட்டடத்தோடு பிணைத்தல். மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் பயன்தரா. இன்று பெரும்பொருள் செலவிட்டு மீட்ட கட்டடம் ஐம்பது ஆண்டில் மீண்டும் அதே நிலைக்கு வரும். அன்றும் செய்தித்தாள்கள் எதிர்பாராச் சூழல் என்றே எழுதும்.

நம் துறைக்கும் இதில் பணி உண்டு. சுவரைத் திறக்குமுன் அதன் உள்நிலையை ஓரளவு அறிவிப்பவை பழைய ஆவணங்கள். எப்போது கட்டப்பட்டது, எவ்வாண்டு எப்பகுதி மாற்றப்பட்டது, எப்பொருள் வாங்கப்பட்டது என்பன பொதுப்பணித்துறைக் குறிப்புகளில் கிடக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்தல் வரலாற்று மாணவர்க்குரிய பணி. அவர் குறைக்கும் எச்சம் மதிப்பீட்டின் பிழையைக் குறைக்கும். அதுபோன்றே, கொத்தனார் வழக்கிலுள்ள நீற்றுதல், அரவை, சுர்க்கி, தட்டோடு முதலிய சொற்களைப் பொருளோடும் செய்முறையோடும் பதிவுசெய்தல் மொழியாசிரியர்க்குரிய பணி. ஒரு கைவினையின் சொற்கள் மறையும்போது, அதனை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கவும் இயலாமற்போகிறது.

முடிவுரை

முதல் மதிப்பீடு இசைவு கேட்கும் பனுவல். அதன் எச்சமே பின்னர்ச் செலவேற்றமாக வெளிப்படுகிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் முடிவெடுக்காமையே பெருஞ்செலவு என்பதையும், வாஷிங்டனில் செலவின் பெயரால் வேறு பூசல்கள் நடத்தப்படுவதையும், சேப்பாக்கத்தில் மலிவான பழுதுபார்ப்பு விலைமிகுந்ததாக மாறுவதையும் கண்டோம். இவற்றுள் எதுவும் கட்டடத்தின் பழைமையால் மட்டும் நேர்ந்தது அன்று. பழைமை அடையும் என்பது தெரிந்தே கட்டப்பட்டவற்றுக்கு அப்பழைமைக்கென ஒன்றும் ஒதுக்காமையால் நேர்ந்தது.

ஆகவே, அடுத்த முறை ஒரு மரபுக் கட்டடத்தின் செலவு ஏறியது என்னும் செய்தியைக் காணும்போது, எவ்வளவு ஏறியது என்பதோடு நில்லாமல், அக்கட்டடத்திற்குப் புதுக்குப்புறம் எதுவும் விடப்பட்டிருந்ததா என்றும் வினவுதல் வேண்டும். இல்லை என்பது விடையாயின், ஏறியதாகச் சொல்லப்படும் தொகையின் பெரும்பகுதி நெடுங்காலமாகவே அங்கிருந்தது, இப்போதுதான் எழுதப்பட்டது.